அடுத்த வருடம் எவ்வளவு?

சென்னை யானைக்கவுனியிலும் அதை ஒட்டிய சவுகார்பேட்டை, கொண்டித்தோப்புத் தெருக்களிலும் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் விவரமானவர்கள். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எத்தனை மாதம், மெட்ரோ தண்ணீர் தினமும் வருமா, கக்கூஸ் தனியா பொதுவா, கரண்ட் யூனிட்டுக்கு என்ன என்று எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறார்கள். அடுத்த வருடம் எவ்வளவு ஏற்றுவீர்கள் என்று மட்டும் கேட்பதில்லை. துணிந்து கேட்டாலும், "அதை அப்போ பார்த்துக்கலாம்" என்பதுதான் பதில். பதினோரு மாதம் கழித்து அந்த 'அப்போ' வரும்போது, பேரம் பேசும் பலம் முழுக்க வீட்டுக்காரர் கைக்குப் போயிருக்கும்.

இந்தப் பகுதியில் வீடு மாறுவது லேசான காரியம் இல்லை. வால்டாக்ஸ் சாலை மரக்கடைகளிலும், மின்ட் தெரு மொத்த வியாபாரக் கடைகளிலும், சென்ட்ரல் பார்சல் பகுதியிலும் வேலை செய்கிறவர்கள் காலையில் சீக்கிரம் போய், கடை சாத்திய பிறகு திரும்புகிறவர்கள். நடந்து போகிற தூரத்தில் வீடு இருப்பதில்தான் அவர்களுக்குக் கையில் நாலு காசு நிற்கிறது. வாடகை குறைவு என்று திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போனால், மிச்சமாகும் தொகையைப் பயணமே தின்றுவிடும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, அங்கேயும் 'ஸ்டேஷன் பக்கத்தில்' என்பதற்கு ஒரு விலை வந்துவிட்டது. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நடுவருடத்தில் எடுக்க முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். 'சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்' என்று சொல்லும் வீடுகள் வேறு. குடித்தனக்காரரால் சட்டென்று கிளம்ப முடியாது என்பது வீட்டுக்காரருக்கும் நன்றாகத் தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டாயிரம் ரூபாய் வாடகைக்கு ஒரு போர்ஷன். ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், மூன்றாவது ஏற்றத்தில் வாடகை 9,261 ரூபாய். 10 சதவீதம் என்றால் 10,648. மாதம் 1,387 ரூபாய் வித்தியாசம். கடைச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு இது மாதக் கடைசி வாரத்தின் மளிகை. வாடகை என்ற பெயரில் வராத ஏற்றங்களும் உண்டு. ஒரே மின் இணைப்பில் சப்-மீட்டர் வைத்து ஐந்து போர்ஷனுக்குப் பிரித்துக் கொடுக்கும் கட்டடங்களில், அரசு தரும் இலவச மின்சாரம் குடித்தனக்காரர் கண்ணில் படுவதே இல்லை. காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகை அட்வான்ஸில் பிடித்தம் ஆகும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று சிலர் சில லட்சங்களைப் புரட்டிக் கொடுத்துப் போக்கியத்துக்குப் போகிறார்கள். மாத வாடகையும் இல்லை, ஏற்றமும் இல்லை. ஆனால் பத்திரம் பதிவாகாமல், வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால், கொடுத்த முதலுக்கே மோசம்.

வீட்டுக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டடத்தின் மதிப்பை வைத்து 'நியாய வாடகை' நிர்ணயிக்க வழி செய்தது. காரணமில்லாமல் காலி செய்யச் சொல்வதைத் தடுத்தது. ஏழைகளுக்கு அது பெரிய அரண். ஆனால் பழைய கட்டடங்கள் பலவற்றில் வாடகை சில நூறு ரூபாயில் உறைந்து நின்றது. ஏற்ற வேண்டுமானால் சிறு வழக்குகள் நீதிமன்றத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். வருகிற வாடகையில் காரை பூசக்கூட முடியாது என்று உரிமையாளர்கள் கைகழுவிவிட்ட கட்டடங்களில் குடியிருப்பதும் ஆபத்தாகிப்போனது. வாடகை ஏறவே கூடாது என்று யாரும் கேட்கவில்லை. எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும்; அது தாங்குகிற அளவில் இருக்க வேண்டும்.

அந்தப் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு, உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், ஒப்பந்தத்தில் சொன்னபடிதான் வாடகை உயர வேண்டும், தகராறு என்று தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது என்கிறது அது. எல்லாம் நல்ல விதிகள். ஆனால் மூன்று மாத வாடகை என்று சட்டம் பேசும் முன்பணம், தெருவில் ஐந்து மாதமாகவும் பத்து மாதமாகவும் கேட்கப்படுகிறது. உயர்வுக்கோ சட்டத்தில் உச்சவரம்பே இல்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதுகிறீர்களோ அதுதான். ஒப்பந்தமே எழுதாமல் வாய்ப்பேச்சில் குடிவந்தவருக்கோ எதுவும் இல்லை.

வேறு ஊர்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஈழத்தமிழர்கள் பெருவாரியாக வாழும் ஸ்கார்பரோ, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வோர் ஆண்டும் வாடகை எத்தனை சதவீதம் வரை ஏறலாம் என்பதை விலைவாசியைப் பார்த்து அரசே முன்கூட்டி அறிவித்துவிடுகிறது. 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளுக்கும் அது 2.5 சதவீதமாக இருந்தது. பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் ஏற்றலாம். அதற்கும் 90 நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். ஓட்டைகளும் உண்டு: 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடியேறிய புதுக் கட்டடங்களுக்கு இந்த வரம்பு இல்லை, ஆள் மாறினால் புது வாடகையை உரிமையாளர் இஷ்டம்போல் வைக்கலாம். ஆனாலும் பழைய கட்டடத்தில் தங்கியிருக்கும் குடும்பம் அடுத்த வருடச் செலவை இந்த வருடமே திட்டமிட முடிகிறது.

கனடா வரை போவானேன்? 2020-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டத்திலேயே, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை 8 சதவீதம், ஐந்து ஆண்டில் மொத்தம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற விதி இருக்கிறது. சென்னை மாநகராட்சியும் சொத்து வரியை ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்த்த 2024 செப்டம்பரில் தீர்மானம் போட்டது. தனக்கு வரவேண்டிய வரிக்குச் சதவீதம் குறித்துக்கொள்ளும் அரசு, குடித்தனக்காரர் கொடுக்கும் வாடகைக்கும் ஒரு சதவீதம் குறிக்கலாமே!

தமிழ்நாடு அரசு செய்ய வேண்டியவை மூன்று. ஆண்டுதோறும் வாடகை உயர்வின் உச்சவரம்பை, வீடு மாறும் காலமான தை பிறக்கும் முன்பே அறிவிக்க வேண்டும். உயர்வு எத்தனை சதவீதம் என்று எழுதாத ஒப்பந்தத்தைப் பதிவுக்கு ஏற்கக் கூடாது. கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் பதிந்துகொள்ள, வார்டு அலுவலகத்திலேயே ஏற்பாடு வேண்டும். வரம்புக்குள் நிற்கும் உரிமையாளருக்குச் சொத்து வரியில் கொஞ்சம் சலுகை தந்தால், ஒப்பந்தத்தை மறைக்க வேண்டிய அவசியமும் அவருக்குக் குறையும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும்: ஆண்டுக்கு இத்தனை சதவீதம், அதற்கு மேல் இல்லை. ஒழுங்காக வாடகை தரும் குடித்தனக்காரர் நாலைந்து வருடம் நிலைத்து இருந்தால், வீடு காலியாகக் கிடக்கும் மாதங்களும் புரோக்கர் கமிஷனும் வீட்டுக்காரருக்கு மிச்சம். குடித்தனக்காரருக்கு நாம் சொல்வது, அந்த வரியை அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள் என்பதுதான்.