மின்கிற்றாரைத் திறக்கலாமா?

எம்மிடம் பௌதிகம் பயிலும் மாணவனொருவன் சென்ற வாரம் வகுப்பு முடிந்தபின் மேசையருகே தயங்கி நின்றான். பாடத்திலே ஐயம் போலும் என்றெண்ணினோம். "சேர், என்னுடைய கிற்றாரின் பிக்கப்புகளை நானே மாற்றலாமா?" என்று கேட்டான்.

அவனுடைய மின்கிற்றார், வெளிநாட்டில் வாழும் தாய்மாமன் அனுப்பியது. தடித்த தந்தி மேற்கட்டைகளிலே சுருதி பிசகுகின்றதாம். அம்பிளிபயரை உயர்த்தினால் ஓயாத இரைச்சல் எழுகின்றதாம். ஆகவே விலையுயர்ந்த பிக்கப்புகள் மூன்றை வரவழைத்துத் தானே பொருத்துவதென, உண்டியற் பணம் முழுவதையும் எண்ணி வைத்துவிட்டான். தந்தையாரோ எதிர்க்கட்சி. "மாஸ்ரர், மச்சான் ஆசையாக அனுப்பிய சாமான். இவன் கை வைத்தால் பாழாகிவிடும். நீங்கள் சொன்னால்தான் கேட்பான்" என்று வீடு தேடி வந்து முறையிட்டார். இருவருக்கும் நடுவே நாம் அகப்பட்டுக்கொண்டோம்.

பிக்கப் என்பது பெரிய மாயமன்று. காந்தத்தைச் சுற்றி மயிரினும் மெல்லிய செப்புக் கம்பி பல்லாயிரம் சுற்றுக்கள் சுற்றப்பட்டிருக்கும், அவ்வளவே. மேலேயுள்ள உருக்குத் தந்தி காந்தமேற்று அதிரும்போது, சுருளூடாகச் செல்லும் காந்தப்பாயம் மாறுகின்றது. மாறவே சுருளில் சிறியதொரு மின்னழுத்தம் பிறக்கின்றது. 1831ஆம் ஆண்டிலே மைக்கேல் பரடே கண்டறிந்த தூண்டல் விதியே இது. உயர்தர வகுப்பில் நாம் கரும்பலகையில் எழுதுவதைத்தான் அச்சிறுவன் தோளிலே மாட்டிக்கொண்டு திரிகிறான்.

விதி தெரிந்தால் நோயும் தெரியும். காந்தம் தந்திக்கு மிக அண்மையில் இருப்பின் அதனைத் தன்பக்கம் இழுக்கும். தந்தி இயல்பாக அதிராது. தடித்த தந்தியிலே சுருதி குழம்பும். இதற்குப் புதுப் பிக்கப் வேண்டியதில்லை. ஒரு திருப்புளி போதும். இரு பக்கத்துத் திருகாணிகளையும் சிறிது சிறிதாகத் தளர்த்திப் பிக்கப்பைத் தாழ்த்திப் பார்க்குமாறு கூறினோம். தந்தியைக் கடைசியாக எப்போது மாற்றினாய் என்று கேட்டதற்கு அவன் விடை சொல்லவில்லை. மாற்றச் சொன்னோம். மறுநாள் முகமலர்ச்சியுடன் வந்தான். நோயிற் பாதி அன்றே தீர்ந்தது, உண்டியலும் திறக்கப்படவில்லை.

எஞ்சியது இரைச்சல். வீட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 50 முறை ஆடுகின்றது. சுவரிலுள்ள கம்பிகளைச் சூழ்ந்த காந்தப்புலமும் அவ்வாறே ஆடும். தனிச்சுருள் பிக்கப்புக்குத் தந்தியின் அதிர்வு எது, சுவரின் அதிர்வு எது என்று பிரித்தறியத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே அம்பிளிபயருக்கு அனுப்பிவிடும். எத்துணை விலை கொடுத்து வாங்கினாலும் தனிச்சுருள் தனிச்சுருளே; அவ்விரைச்சல் உடன்வரும். இதை அறியாமல் பணத்தை இழப்போர் பலர்.

அமெரிக்காவில் கிப்சன் நிறுவனத்திலே பணியாற்றிய சேத் லவர் என்பவர் 1955இல் இதற்கொரு வழி கண்டார். இரண்டு சுருள்களை அருகருகே வைத்தார். ஒன்றின் காந்தமுனைகளையும் சுருளின் போக்கையும் மற்றையதற்கு எதிராக்கினார். சுவரிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராகத் தோன்றி ஒன்றையொன்று அழித்துவிடும். தந்தியின் ஒலியோ, சுருள் மாறினும் காந்தமும் மாறியமையால், இரண்டிலும் ஒரே போக்காய் எழுந்து கூடும். இத்தனை அழகான கழித்தற் கணக்கை நாம் வேறெங்கும் கண்டதில்லை. அதற்கு ஹம்பக்கர் என்று பெயர்.

மாணவனிடம் இதைச் சொல்லி, ஆளியை ஒவ்வொரு நிலையிலும் வைத்துக் கேட்டுவரச் சொன்னோம். இக்காலத்துக் கிற்றார்கள் பலவற்றில் நடுப் பிக்கப் எதிராகச் சுற்றப்பட்டிருக்கும். அவனுடையதும் அவ்வகையே. இரு பிக்கப்புகள் சேர்ந்தொலிக்கும் நிலைகளில் இரைச்சல் அடங்கிற்று. ஏதேனுமொன்று தனித்தொலிக்கும்போது மாத்திரம் எழுந்தது. அவன் தனிவாசிப்புக்கு விரும்புவது பாலத்தருகேயுள்ளதையே. மூன்று வேண்டாம், ஒன்று போதும் என்று அவனே முடிவுசெய்தான். தனிச்சுருளின் அளவிலேயே அமைந்த இருசுருள் வகையும் உண்டு. அதனை வாங்கினால் மரத்தை வெட்டவேண்டியதில்லை.

இனித் தந்தையாரின் அச்சம். அவருக்கு நாம் இங்கிலாந்துக் கதையொன்று சொன்னோம். 1963இல் இலண்டனுக்கு மேற்கேயுள்ள பெல்தம் என்னுமிடத்தில் பிரையன் மே என்ற பதினாறு வயதுச் சிறுவன், கிற்றார் வாங்க வசதியின்மையால், தன் தந்தையுடன் சேர்ந்து ஒன்றைச் செய்யத் தொடங்கினான். பழைய அடுப்பங்கரைச் சட்டத்தின் மரம் கழுத்தாயிற்று. பழைய மோட்டார்ச் சைக்கிளின் வால்வுச் சுருள்விற்கள் உள்ளே சென்றன. பிக்கப்புகளையும் முதலில் தாமே சுற்றினர். ஒலி எழுந்தது, ஆனால் தந்தியை வளைத்து வாசித்தபோது விகாரமாகக் கேட்டது. உடனே பேர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்கப்புகள் மூன்றை விலைக்கு வாங்கிப் பொருத்தினர். மரத்தைத் தாமே செதுக்கிய அவ்விருவரும், சுருளில் மட்டும் பிடிவாதம் பிடிக்கவில்லை. அக்கிற்றாரைத்தான் அவர் குயின் இசைக்குழுவில் உலகெங்கும் வாசித்தார். 2007இல் வானியற்பௌதிகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார் என்று நாம் சேர்த்துச் சொன்னோம். தந்தையாரின் முகம் சற்று இளகியது அவ்விடத்திலேதான்!

பின்பு இருவரிடமும் எம் தீர்ப்பைச் சொன்னோம். செய்யலாம்; ஆனால் இந்த வாரமன்று. கழற்றுமுன் எந்தக் கம்பி எங்கே சேர்கின்றது என்பதைப் படமெடுத்து, கையாலும் வரைந்துகொள்ளல் வேண்டும். பழைய பிக்கப்பை எறியலாகாது. புதியது பிடிக்காவிடின் திரும்பவும் வேண்டும். மரத்தின் மெருகு கெடாதபடி துணி போர்த்துக. சன்னலைத் திறந்து வைக்க. ஈயங்கலந்த பற்றாசைத் தொட்ட கையைக் கழுவியபின்பே உண்ணுக. பழைமையால் விலையேறிய கிற்றாராயின், முதலில் வைத்த பற்றாசுக்கும் மதிப்புண்டு. அதனைத் தொழில் தெரிந்தவரிடமே விடுதல் நன்று. இவனுடையது அத்தகையதன்று.

ஒன்றில் மட்டும் நாம் குரலை உயர்த்தினோம். கிற்றாரினுள்ளே உயிருக்கு ஊறு செய்யும் மின்னழுத்தம் இல்லை; செருகியைக் கழற்றிவிட்டுத் திறக்கலாம். அம்பிளிபயரைத் திறக்கவே கூடாது. அதிலும் வால்வு வைத்த அம்பிளிபயரின் கொள்ளளவிகள், மின்னை நிறுத்திய பின்னரும் சில நூறு வோல்ற்றுக்களைத் தேக்கி வைத்திருக்கும். இளமையில் வால்வு வானொலிப் பெட்டியொன்றைத் திறந்து சுவரோடு மோதுண்டவர் நாம் என்பதை வகுப்பில் இதுவரை சொன்னதில்லை.

பற்றாசு வைப்பதில் தொடக்கக்காரர் செய்யும் பிழை ஒன்றே. சூட்டுக்கோலிற் பற்றாசை உருக்கிக் கம்பிமீது சொட்டவிடுவர். அது ஒட்டியதுபோலத் தோன்றும், ஒட்டாது. கம்பியையும் தகட்டையும் முதலிற் சூடாக்கி, அச்சூட்டிலே பற்றாசு தானே உருகிப் பரவவேண்டும். பழுதான வானொலியொன்றின் கம்பித் துண்டுகளை எடுத்துப் பத்து இணைப்புக்கள் செய்து கொண்டுவா, பத்தும் இழுப்புக்கு நின்றால் கிற்றாரைத் தொடு என்றோம்.

நேற்று மாலை கொண்டுவந்தான். இழுத்துப் பார்த்தோம். மூன்று கையோடு வந்துவிட்டன. "கம்பி ஆடிவிட்டது, சேர்" என்றான். கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் யார் என்று கேட்டோம். பின்னால் நின்ற தந்தையார், அடுத்தமுறை குறடு கொண்டு பிடிப்பதாகச் சொன்னார்.