ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை



வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளின் கைகளில் ‘நின்ரென்டோ சுவிச்’ என்னும் விளையாட்டுக் கருவியை நீங்கள் பார்த்திருக்கலாம். 2017இல் விற்பனைக்கு வந்தது. கடையில் வாங்கும் விளையாட்டு ஒவ்வொன்றும் ஒரு சிறிய அட்டையில் அடங்கியிருக்கும். அட்டையின் நீளம் சுமார் 3 சென்ரிமீற்றர், அகலம் சுமார் 2. அது தொலைந்தால் அந்த விளையாட்டும் போய்விடும். சிறுவர்கள் வாயில் போடாதிருக்க அதிலே கசப்புப் பூச்சும் பூசியிருக்கிறார்கள். ஆனாலும் தவழும் குழந்தை உள்ள வீட்டில் அதை நிலத்தில் விட்டுவைக்கக் கூடாது.

சென்ற மாதம் எமது தையல் வகுப்பில், மாணவி ஒருவரின் அக்கா மகனுக்காக, இந்த அட்டைகளை வைக்கும் கையடக்க உறை ஒன்றைத் தைத்தோம். வெளியே றெக்சின், நடுவில் மெல்லிய ஸ்பொஞ்ச், உள்ளே பருத்தித் துணி. அறைகளுக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக். சுற்றிவர சிப்.

ஓர் அறையின் அகலம் 2.5 சென்ரிமீற்றர், ஆழமும் அவ்வளவே. அட்டையின் மேல்நுனி சிறிது வெளியே தெரிந்தால்தான் விரலால் பிடித்து எடுக்கலாம். பிளாஸ்ரிக்கில் குண்டூசி குத்தினால் துளை மாறாது. ஆகவே கடதாசிக் கிளிப்பால் பிடியுங்கள். தையலை நெருக்கமாகப் போட்டால் அந்த வரியிலேயே கிழிந்துவிடும், சற்று நீளமாகப் போடுங்கள். மெசினின் பாதத்தில் பிளாஸ்ரிக் ஒட்டினால் மேலே மெல்லிய தாளை வைத்துத் தைத்துவிட்டு, பின்னர் தாளைக் கிழித்தெடுக்கலாம். முடிந்ததும் அட்டைகளை இட்டு, கவிழ்த்து உலுப்பிப் பாருங்கள். ஒன்றும் விழக்கூடாது.

இந்த உறையில் எனக்குப் பிடித்தது அதன் உறுதி அல்ல. திறந்தவுடன் எந்த அறை வெறுமையாக இருக்கிறதோ, அந்தப் பொருள் இல்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது. எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை.

2009 வரையான இடப்பெயர்வுகளில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரே சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு ஓடியவர்கள் நாம். எது தவறிப்போனது என்பது பலருக்கு முகாமில் பையைக் கொட்டிய பிறகே தெரிந்தது. ஒரு தாள் இல்லாததால் கந்தோர் கந்தோராக அலைந்ததை நான் சொல்லத் தேவையில்லை.

இதே உறையைப் பெரிதாகத் தைத்து, ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் அறை வையுங்கள். புகைப்படங்களை மட்டும் தாளில் சுற்றி வையுங்கள், பிளாஸ்ரிக்கில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளம் வந்தாலும் ஒரே கையில் தூக்கிக்கொண்டு வெளியேறலாம்.

விற்பதற்குத் தைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. றெக்சினுக்கும் சிப்புக்கும் கொடுத்த காசை மட்டும் கணக்கிட்டு விலை சொல்லாதீர்கள். நீங்கள் மெசினில் இருந்த நேரத்துக்கும் விலை உண்டு.

அடுத்த மாதம் சந்திப்போம்.