பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு இடாப்புக் கேட்கிறார்

“கல்வி இலவசம். நாட்டின் எழுத்தறிவு தொண்ணூற்றைந்து வீதத்துக்கு மேல். இதற்குப் பிறகும் நாற்பத்தைந்து வயதில் ஒருவர் கைநாட்டு வைக்கிறார் என்றால் அது அவருடைய சோம்பல். சமூகம் ஏன் தலைகுனிய வேண்டும்?” மன்னாரில் அண்மையில் ஒரு கூட்டத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இப்படிக் கேட்டார். பாதிப் பேர் கை தட்டினார்கள். மீதிப் பேர், நான் உட்பட, தேநீருக்காகக் காத்திருந்தோம். அன்று விழுங்கியதை இன்று எழுதுகிறேன்.

ஐயா கணக்கில் கெட்டிக்காரர் போலிருக்கிறது. ஆகவே கணக்கிலேயே தொடங்குவோம். கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது, உண்மைதான். இன்று நாற்பத்தைந்து வயதானவர் 1980 வாக்கில் பிறந்தவர். அவருக்குப் பத்து வயதானபோது, 1990 ஜூனில், மறுபடி சண்டை மூண்டது. தலைமன்னார் ரெயில் நின்றது. 2015இல்தான் திரும்ப ஓடியது. ஒரு பகுதிச் சனம் வள்ளமேறி மண்டபம் முகாமுக்குப் போனது, இன்னொரு பகுதி மடுவுக்கு ஓடியது. அந்த ஒக்டோபரில் முஸ்லிம்களைப் புலிகள் விரட்டினார்கள்; எருக்கலம்பிட்டிப் பிள்ளைகள் கடல்வழியே கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போய் ஓலைக் குடிசைகளில் இறங்கினார்கள். விரட்டியவர்கள் தமிழில்தான் கட்டளை போட்டார்கள், நாமும் தமிழில்தான் மௌனமாக இருந்தோம். ஐந்து முதல் பதினான்கு வயதுவரை பள்ளி கட்டாயம் என்ற ஒழுங்குவிதியை அரசு 1997இல்தான் கொண்டுவந்தது. ஐயா சொல்லும் சோம்பேறிக்கு அப்போது பதினேழு வயது.

எனக்கும் அப்படி ஒரு சோம்பேறியைத் தெரியும். பேசாலையில் கருவாடு காயப்போடும் என் பெரியம்மாவின் மகள். நான்காம் வகுப்போடு மடு முகாம். அப்புறம் பள்ளிக்கூடம் இல்லை. விடிய மூன்று மணிக்குப் படகு கரைதட்டும்போது அக்கா வாடியில் நிற்பார். கட்டா எத்தனை கிலோ, காய்ந்தால் எவ்வளவு தேறும், சம்மாட்டிக்குப் போக மிச்சம் என்ன என்பதெல்லாம் மனக்கணக்குத்தான். “எழுத்துத்தான் தெரியாது தம்பி, எண் தெரியும்” என்பார். மகள் சொல்லிக்கொடுத்துத் தன் பெயரைக் கோலம் போலப் போடப் பழகியிருக்கிறார். படிவத்தில் கையொப்பக் கட்டம் சின்னதாக இருந்தால் கோலம் பாதியில் நின்றுவிடும். அப்போது மைப்பெட்டியை நீட்டுவார்கள். ஒருமுறை குழுக்கடன் கொடுக்க வந்த பையனிடம் “இதில என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டாராம். “எல்லாருக்கும் உள்ளதுதான், கையை வைங்க அக்கா.” வைத்தார். பக்கத்து வீட்டுக்காரி வாரத் தவணையைத் தவறவிட்ட பிறகுதான் தெரிந்தது, அக்கா அவளுக்குப் பிணை நின்றிருக்கிறார் என்று. அன்று எழுத்தறியாமையால் ஆதாயம் கண்டவர் யார் என்பதை ஐயா யோசிக்கட்டும்.

அரசும் அந்த விரலை வேண்டாம் என்று சொன்னதில்லை. 1993இல் கைதான சிங்கராசா என்ற தமிழரிடம், அவருக்குத் தெரியாத சிங்களத்தில் தட்டச்சு செய்த வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வாங்கினார்கள். அதை வைத்து 1995இல் ஐம்பது ஆண்டுச் சிறை, மேன்முறையீட்டில் முப்பத்தைந்தானது. அவருடைய உரிமைகள் மீறப்பட்டதாக ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் சொல்லியும் உயர் நீதிமன்றம் 2006இல் அசையவில்லை. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை நம் ஐயாவிடம் நீட்டினால் அவரும் அந்த நிமிடத்தில் கைநாட்டுத்தான், எத்தனை பட்டம் வைத்திருந்தாலும்.

கடைசியாக ஒரு பழமொழியையும் எடுத்துவிட்டார்: ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? ஆகவே வயதுவந்தோருக்கு வகுப்பு வைப்பது வீண்செலவாம். எதிர்க்கரையைப் பார்க்கட்டும். கோட்டைப்பட்டினத்திலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் இழுவைப் படகுகள் வந்து நம் வலைகளை அறுத்துப் போவது நமக்கு நன்றாகத் தெரியும். அதே புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது ஏனோ இங்கே வந்து சேரவில்லை. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்னால் நிற்க, கல் உடைக்கிற பெண்களும் வயலில் கூலிக்குப் போகிற பெண்களும் எழுத்தையும் சைக்கிளையும் சேர்த்தே பழகினார்கள். தொண்டர்கள் அவர்கள் இருக்கிற இடத்துக்குப் போனார்கள். நாம் வைத்தால் பகல் இரண்டு மணிக்கு, விசிறி சுழலும் மண்டபத்தில், பதாகை கட்டி வைப்போம். கருவாடு புரட்டுகிற நேரம் அது. யாரும் வரவில்லை என்று அறிக்கை எழுத வசதியாக இருக்கும்.

கூட்டத்தில் நடந்ததை அக்காவிடம் சொன்னேன். கோபப்படவில்லை. குனிந்து கட்டாவைப் புரட்டிக்கொண்டே கேட்டார்:

“தொண்ணூறில அந்த ஐயா எந்தக் கந்தோரில இருந்தவராம்?”