அந்த நோட்டைத் திறக்காதீர்கள்

பொதுத்தேர்வு நெருங்கிவிட்டால் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் டிவி சத்தம் அடங்கிவிடும். "பயப்படாதே, நல்லா எழுதிடுவே" என்று ஆளாளுக்குத் தைரியம் சொல்வார்கள். அந்தப் பிள்ளைக்கு எதைக் கண்டு பயம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பல நேரம் அதற்கே சொல்லத் தெரியாது.

என் அக்கா மகள் பிளஸ் டூ படித்த வருடம், ராத்திரி வெகுநேரம் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "கெமிஸ்ட்ரின்னு நினைச்சாலே வயித்தைக் கலக்குது சித்தி" என்பாள். பழைய ரஃப் நோட்டு ஒன்றைக் கொடுத்து, மனசில் ஓடுவதை அப்படியே எழுது, பிழை பார்க்காதே, யாருக்கும் காட்டவும் வேண்டாம் என்றேன். எழுத ஆரம்பித்தவள் தலை நிமிரவில்லை. முடித்ததும் ஒரு வரியை மட்டும் அவளாகவே வாசித்தாள். ரிசல்ட் அன்றைக்கு அத்தை வீட்டிலிருந்து போன் வரும், மார்க்கைச் சொல்லும்போது அப்பாவின் குரல் இறங்கிவிடும் என்று எழுதியிருந்தாள். அந்த வரியில் கெமிஸ்ட்ரியே இல்லை. அப்பாவிடம் பேசவேண்டியதை மனசில் வைத்துக்கொண்டு, பாவம், பாடப்புத்தகத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். மறுநாள் அவரிடம் பேசினாள். பரீட்சை பயம் முழுக்கப் போகவில்லை, தூக்கம் வந்தது.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீலுடன் சேர்ந்து 1986இல் வெளியிட்ட ஆய்வு இப்படி மனசில் உள்ளதை எழுதுவது பற்றிய ஆய்வுகளில் முன்னோடி. கல்லூரி மாணவர்கள் நாளுக்கு 15 நிமிடம் வீதம் தொடர்ந்து 4 நாள் எழுதினார்கள். வாழ்க்கையில் தங்களை உலுக்கிய சம்பவத்தை எழுதியவர்களுக்கு, எழுதி முடித்த கையோடு மனம் கனத்துத்தான் போனது. ஆனால் நடந்ததையும் அதில் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். எழுதியதும் அழுகை வந்தால் பதறவேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்காக எழுத்தைச் சர்வரோக நிவாரணி ஆக்கிவிடக் கூடாது. தேர்வுக்கு முன் 10 நிமிடம் பயத்தை எழுதினால் மதிப்பெண் கூடுகிறது என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2011இல் சொன்னது. வேறொரு குழு அதே சோதனையைத் திரும்பச் செய்து 2018இல் வெளியிட்டபோது அந்தப் பலன் தெரியவில்லை. மார்க்கைக் காட்டி ஆசைகாட்டாமல், பிள்ளையின் நிம்மதிக்காக எழுதச் சொல்வோம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அந்த நோட்டைத் திறக்காதீர்கள். கிழித்துப் போட்டிருந்தால் பொறுக்கி ஒட்டிப் பார்க்காதீர்கள். அம்மா படிப்பாள் என்று தெரிந்துவிட்டால் அடுத்த பக்கத்திலிருந்து பிள்ளை அம்மாவுக்காக எழுத ஆரம்பித்துவிடும். எழுதியும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.