மட்டக்குதிரைக்குத் தவிடும் வைக்கோலும் போதுமா?

அந்தியூரில் ஆடி மாதத்தில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்குக் குதிரைகளும் விற்பனைக்கு வருகின்றன. இடுப்பு உயரமே உள்ள மட்டக்குதிரையைக் கண்டதும் பிள்ளைகளுக்கு ஆசை வந்துவிடும், பெரியவர்களுக்கும்தான். அதை வாங்கி வந்து கடலூர், சிதம்பரம் பக்கத்து மாட்டுக் கொட்டகையில் கட்டிய பிறகே, "இதற்கு என்ன போடுவது?" என்ற கேள்வி எழுகிறது. பக்கத்தில் நிற்கும் பசுவுக்குப் போடுவதையே போட்டுவிடுவது எளிது. வைக்கோல் ஒரு கட்டு, அரிசி மில் தவிடு இரண்டு படி. குதிரையும் ஆவலோடு தின்னும். தின்கிறதே என்று நிம்மதி அடைவதில்தான் மோசம் இருக்கிறது.

இந்தத் தவறு நமக்குப் புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்நாட்டுக் கிழக்குக் கரைக்கு வந்த மார்கோ போலோ, கப்பலில் வந்திறங்கும் விலையுயர்ந்த குதிரைகளுக்கு இங்கே சோறும் வேகவைத்த இறைச்சியும் போடுகிறார்கள் என்றும், அவை தாங்காமல் மடிகின்றன என்றும் எழுதி வைத்தார். அன்று சோறு, இன்று தவிடு.

மாடு அசை போடும் பிராணி. குதிரைக்கு இரைப்பை ஒன்றே, அதுவும் சிறியது. நார்ச்சத்து பின்குடலில்தான் நொதித்துச் செரிக்கிறது. ஒவ்வாததைத் தின்றுவிட்டால் வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது.

தவிட்டில் உள்ள குறை கண்ணுக்குத் தெரியாது. 100 கிலோ அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் சுமார் ஒன்றரை கிலோ இருக்கும். சுண்ணாம்புச் சத்தோ ஏறத்தாழ 100 கிராம்தான். குதிரைக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. பாஸ்பரஸைவிடச் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருக்க வேண்டும். தீவனத்தில் கிடைக்காததை உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பிறகு காரணமில்லாமல் நொண்டும். தாடையும் முகமும் பருக்கும். மேல்நாடுகளில் மாவு மில்காரர்களின் குதிரைகளுக்கு இந்த நோய் அதிகம் வந்ததால் மில்காரர் நோய் என்றே அதற்குப் பெயர் இருந்தது.

பச்சைப்புல் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. கறவை மாட்டுக்கு அருமையான கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லில் ஆக்சலேட் அதிகம். மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரையின் வயிற்றிலோ அது இருக்கிற சுண்ணாம்புச் சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆட்டுக்கு நாம் வெட்டிப் போடும் சூபாபுல் தழையைக் குதிரைக்குத் தொடர்ந்து போட்டால் பிடரி மயிரும் வால் மயிரும் உதிரும். குதிரைமசால் பெயருக்கேற்றபடி உயர்ந்த தீவனம்தான். ஆனால் நீர் தேங்கும் சிதம்பரத்துக் களிமண்ணில் அது நிலைக்காது; கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதுதான்.

அப்படியானால் எதைப் போடுவது? கடலைக்கொடி. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்தில் விளையும் இந்தக் கொடியில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைவிடப் பல மடங்கு உண்டு. 150 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு நாளொன்றுக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ காய்ந்த தீவனம் போதும். அதில் பாதி கடலைக்கொடி, மீதி வரப்பில் அறுத்துக் காயவைத்த அறுகம்புல். இரண்டையும் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துப் போடலாம். மருந்து தெளித்த வரப்பில் அறுக்கக் கூடாது. கொடியில் ஒட்டியிருக்கும் மண்ணை நன்றாக உதற வேண்டும். மணல் குடலில் சேர்ந்தால் வயிற்றுவலி வரும். பூசணம் பிடித்த கொடியை எருக்குழிக்குத் தள்ளிவிடலாம். வைக்கோலை அடியோடு விலக்க வேண்டியதில்லை, வாய்க்கு வேலையாக ஒரு பிடி போடலாம்.

கொள்ளு இல்லாமல் குதிரையா என்பார்கள். வண்டி இழுக்கும் குதிரைக்குச் சரி; வேகவைத்து 200 கிராம் வைக்கலாம். சும்மா நிற்கும் மட்டக்குதிரைக்குத் தானியம் ஏற ஏறக் கொழுப்பு ஏறும். குளம்புக்குள் அழற்சி கண்டு கால் ஊன்ற முடியாமல் போகும். கொழுத்துவிட்டதே என்று திடீரெனப் பட்டினி போடுவதும் ஆபத்து. எந்த மாற்றத்தையும் பத்து நாட்களில் படிப்படியாகச் செய்ய வேண்டும்.

ஒன்றில் மட்டும் சலுகையே கூடாது. கோழித் தீவனம் மிச்சமிருக்கிறது என்று ஒரு கை அள்ளிப் போடாதீர்கள். இரத்தக் கழிச்சலைத் தடுக்க அதில் சேர்க்கும் மொனென்சின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும். யூரியா கலந்த மாட்டுத் தீவனமும் குதிரைக்கு உரியதல்ல.

கடலைக்கொடிக்கு ஆடு வளர்ப்போரிடம் போட்டி உண்டு, சும்மா கிடைக்காது என்பது உண்மையே. ஆனால் ஒரு மட்டக்குதிரைக்கு ஆண்டுக்கு வேண்டியது அரை டன்னுக்குச் சற்று மேல்தான். ஏறத்தாழ ஓர் ஏக்கர்க் கடலையின் கொடி போதும். அறுவடைக் காலத்தில் வாங்கி, ஐப்பசி கார்த்திகை மழையில் நனையாதபடி பரணில் அடுக்க இடம் வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் கண்ட மாவட்டத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. அந்த இடம் இல்லாதவர் குதிரை வாங்காமலிருப்பதே குதிரைக்குச் செய்யும் நன்மை. இடமுள்ள சிதம்பரத்துக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்துகொண்டால், மேற்கே வைக்கோல் ஏற்றிப் போகும் லாரி காலியாகத் திரும்பாமல் கடலைக்கொடியோடு வர ஏற்பாடு செய்துகொள்ளலாம்.