பெடலை விட்டாலும் இறங்காத இன்ஜின் வேகம்!

“சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் பழைய பெட்ரோல் கார், சூடான பிறகும் நின்ற இடத்தில் உறுமுகிறது. பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகிறது. ஸ்க்ரூவைத் திருகிக் குறைக்கலாமா?”

- வாசகர், ஒட்டன்சத்திரம்.

திருக வேண்டாம். அது கார்புரேட்டர் வண்டிக்கான வைத்தியம். ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஐடிலிங் வேகத்தை முடிவு செய்வது கம்ப்யூட்டர். ஸ்க்ரூவைத் தொட்டால் கோளாறு மறையலாம், தீராது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நிமிடங்கள் வேகம் கூடுதலாக இருப்பது இயல்பு. சூடான பிறகு, ஏ.சி போடாத நிலையில், பெரும்பாலான கார்களில் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்றுக்குள் இறங்கிவிடும். இறங்காவிட்டால், பெரும்பாலும் எங்கோ கூடுதல் காற்று உள்ளே போகிறது. அதற்கேற்பப் பெட்ரோலும் கூடுகிறது. அல்லது, இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று சென்சார் தவறாகச் சொல்கிறது.

முதலில் செலவில்லாத சோதனைகள். இன்ஜினை அணைத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டர் கேபிள் விறைப்பாக இருக்கிறதா, மிதியடி பெடலை அழுத்துகிறதா என்று பாருங்கள். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டியில், ரப்பர் குழாய்களை எலி கடித்திருக்கலாம். இன்ஜின் ஓடும்போது ‘உஸ்’ என்ற சத்தம் கேட்கிறதா எனக் கவனியுங்கள். ஒயர்கள் நனையாமல் குழாய் இணைப்புகளில் சிறிது தண்ணீர் தெளித்தால், கசிவுள்ள இடத்தில் வேகம் மாறும். ஃபேன், பெல்ட் பக்கம் கையோ துண்டோ போகக் கூடாது.

கூலன்ட் குறைந்தாலும் சென்சார் ஏமாறும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும்.

இவை சரியாக இருந்தால், த்ராட்டில் பாடியிலும் ஐடில் வால்விலும் படிந்த கரியை மெக்கானிக்கிடம் சுத்தம் செய்யுங்கள். ஸ்கேனரில் சென்சாரையும் பார்க்கச் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் பாகங்களை மாற்றினால், பணம்தான் வீண்.