வீட்டுல ஒரு வாலு: எட்டு மாசம்னா சும்மாவா?

நாய் வளர்க்கிற வீட்டில் மூன்று கட்டம் உண்டு. இரண்டு மாசத்தில் அது குட்டி. தெருவே வந்து கொஞ்சிவிட்டுப் போகும். நாலு, அஞ்சு மாசத்தில் ‘உக்காரு’ என்றால் உட்காரும், நமக்குப் பெருமை தாங்காது. எட்டாம் மாசத்தில் அதே நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், ‘யாரைக் கூப்பிடுறீங்க?’ என்று ஒரு பார்வை பார்க்கும். எங்கள் மைனா இப்போது அந்த மூன்றாம் கட்டத்தில் இருக்கிறாள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: மைனா, சங்கரன்கோவில் பக்கமிருந்து தென்காசிக்கு வந்த கன்னி இன நாய். கறுப்பு உடம்பு, புருவத்திலும் காலிலும் பழுப்பு, ஒட்டிய வயிறு, நீளக் கால். அந்தக் காலத்தில் கல்யாணமாகிப் போகும் பெண்ணோடு சீராக அனுப்பினதால் ‘கன்னி’ என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

இந்த வாரக் கணக்கு இது. கொடியில் காய்ந்த துண்டு இரண்டு, அத்தையின் செருப்பில் ஒன்று, மகனின் ஜாமெட்ரி பாக்ஸ். இதெல்லாம் வழக்கமானதுதான். வியாழக்கிழமை நாலடிச் சுவரைத் தாண்டிவிட்டாள். “எக்கா, ஒங்க நாயி எங்க கோழியை விரட்டுது” என்று பக்கத்து வீட்டுத் தங்கச்சி வந்து நின்றாள். கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி வீட்டில் சபை கூடியது.

“கடையநல்லூர்ப் பக்கம் பெரியப்பா தோப்புல விட்டுருவோம். அதுக்கும் ஓட எடம் கிடைக்கும்” என்றார் வீட்டுக்காரர். மகன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனான். செருப்பைப் பறிகொடுத்த அத்தைதான் முதலில் ஆமோதிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“தோப்புல ராத்திரி யாருடா இருக்கா? கட்டிப் போட்டுட்டுப் போயிருவாங்க. மலையடிவாரம் வேற. சிறுத்தை வந்தா, கட்டிக் கெடக்குற நாயி என்னடா செய்யும்?”

யாரும் பதில் சொல்லவில்லை. முடிவை ஒரு மாசம் தள்ளி வைத்திருக்கிறோம். இந்த ஒரு மாசத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் இந்த வாரக் கட்டுரை. இதே பேச்சு நடக்கிற வீடு எங்களது மட்டும் இல்லை என்று தெரியும்.

இது திமிர் இல்லை, வயசு

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட குட்டிகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2020-ல் வெளியிட்டார்கள். அஞ்சு மாசத்தில் சொன்ன பேச்சைக் கேட்ட குட்டிகள், எட்டு மாசத்தில் வளர்ப்பவர் ‘உக்காரு’ என்றால் கேட்பது குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், வெளியாள் சொன்னால் கேட்டன! ஒரு வயசு நெருங்கும்போது அது சரியாகி வந்தது.

பத்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் முறைத்துக்கொண்டு, டியூஷன் சாரிடம் பவ்யமாக நிற்பதில்லையா? அதே கதைதான். இந்த வயசில் போட்டு அடித்தால் நாய் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: நம்மைக் கண்டால் ஓடுவது.

மைனா விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கன்னியும் விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறையும் மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி விரட்டுகிற இனங்கள். கரிசல் காட்டில் முயலைத் துரத்தத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தவை. முயல் வேட்டை இன்று சட்டப்படி குற்றம். ஆனால் கால்களுக்கு அது தெரியாதே! அசைகிற எதுவும், கோழியோ பூனையோ ஸ்கூட்டரோ, அவளுக்கு முயல்தான். விரட்டத் தொடங்கிவிட்டால் காதில் எதுவும் ஏறாது.

2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் தன் ‘மனதின் குரல்’ வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று நம் நாய்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். ராஜபாளையத்துக்கு 2005-லேயே தபால்தலை வந்துவிட்டது. பெருமைதான். ஆனால் பெருமைக்கு வாங்கிய நாய்க்கும் காலையில் ஓட இடம் வேண்டும்.

சங்கிலியும் சட்டமும்

‘கட்டிப் போட்டுட்டா முடிஞ்சுது’ என்பதுதான் அக்கம்பக்கத்தில் கிடைக்கிற முதல் யோசனை. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, நாயை எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருந்து நியாயமான அளவு நடக்க, ஓட விடாமல் இருப்பதையே குற்றம் என்கிறது. பட்டினி கிடக்கும்படி எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதும் அதே பிரிவில்தான் வருகிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நாளெல்லாம் கட்டிக் கிடக்கிற இளம் நாய் சாயங்காலம் அவிழ்த்ததும் என்ன செய்யும்? நாள் முழுக்கச் சேர்த்த வேகத்தை ஒரே பாய்ச்சலில் காட்டும். எதிரில் வருவது எழுபது வயசு அத்தையாகவும் இருக்கலாம்.

ஒரு மாசத் திட்டம்

காலை அஞ்சரைக்கு ஒரு நடை, சாயங்காலம் வெயில் தாழ்ந்து ஒரு நடை. கயிறு இல்லாமல் ரோட்டில் இறக்குவதே இல்லை. வாரத்தில் இரண்டு நாள், தெரிந்தவர் ஒருவரின் சுற்றுச்சுவர் போட்ட காலி மனையில் அவிழ்த்து விடுகிறோம். பத்து நிமிஷம் பறப்பாள். பிறகு இரண்டு மணி நேரம் தூக்கம். இந்த இனத்தின் இயல்பே அதுதான்: ஒரே மூச்சில் ஓட்டம், அப்புறம் நீட்டி நிமிர்ந்து உறக்கம்.

பைக்கில் கயிற்றைக் கட்டி ஓட வைப்பது வேண்டவே வேண்டாம். ஒரு வயசு வரைக்குமாவது எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் பருவம். கீழே தார் ரோடு. மூட்டுதான் பாழாகும்.

காலுக்கு வேலை கொடுப்பது போல மூக்குக்கும் கொடுக்க வேண்டும். ஓரம் தேய்த்து மழுக்கின சிரட்டையில் கொஞ்சம் கேப்பைக் களியை அப்பிக் கவிழ்த்து, பழைய சாக்குக்குள் சுருட்டி வைத்துவிடுவேன். அதைத் தேடி, உருட்டி, நக்கி முடிப்பதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடும். அத்தனை நேரமும் கொடியில் துணி பத்திரமாக இருக்கும்.

கோழிக்காக இருபதடி நூல் கயிறு வாங்கியிருக்கிறோம். கோழி தூரத்தில் இருக்கும்போதே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். திரும்பிப் பார்த்தால் உடனே ஒரு துண்டு வேகவைத்த ஈரல். பாய்ந்த பிறகு கத்திப் பயனில்லை. சுவர் மேல் இரண்டடிக்குப் பச்சை வலை கட்டியாயிற்று. பக்கத்து வீட்டுக்கு ஒரு தூக்கு நிறையப் பாயசமும் போயாயிற்று. நாய் வளர்க்கிறவருக்கு அக்கம்பக்கமும் ஒரு பொறுப்புதான்.

சாரல் காலத்துக்கு மட்டும்

ஆனி, ஆடி வந்துவிட்டால் தென்காசியே குற்றாலம்தான். விருந்தாளிகள் வருவார்கள், “நாயையும் அருவிக்குக் கூட்டிட்டுப் போவோம்” என்பார்கள். வேண்டாம். அங்கே கூட்டம், வழுக்குப் பாறை, போதாக்குறைக்குக் குரங்குகள். குரங்கைப் பார்த்த கன்னி நாயைக் கையில் பிடித்து நிறுத்த இரண்டு ஆள் வேண்டும்.

விருந்தாளிகளோடு பரோட்டா, சிக்கன் பார்சலும் வரும். சால்னாவில் வெங்காயம் இருக்கும். அது நாயின் ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். “ஒரே ஒரு எலும்புதானே” என்று மேசைக்கு அடியில் நீளும் கையைத் தடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. மாங்கொட்டையும் அப்படித்தான், விழுங்கினால் குடலை அடைத்துக்கொள்ளும்.

சாரலில் நனைந்தால் காதையும் விரல் இடுக்கையும் துடைத்துவிடுங்கள். உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் வருகிற எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். அதற்கு நாய்களுக்குத் தடுப்பூசி உண்டு, மருத்துவரைக் கேளுங்கள்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாசத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்கிற கணக்கில். விளையாட்டில் பல் பட்டுவிட்டாலும் 15 நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அங்கே ஊசி இலவசம். பெண் நாயாக இருந்தால் ஆறிலிருந்து பன்னிரண்டு மாசத்துக்குள் முதல் பருவம் வரும். சுவர் தாண்டுகிற ஆசை அப்போது இரட்டிப்பாகும். கருத்தடை பற்றி முன்னாலேயே கால்நடை மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கொடுக்கத்தான் வேண்டும் என்றால்…

சில வீடுகளில் உண்மையிலேயே முடியாது. உடம்புக்கு முடியாத பெரியவர்கள், கைக்குழந்தை, மாற்றலாகிப் போகிற வேலை என்று ஆயிரம் இருக்கும். யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கயிற்றை இன்னொருவர் கையில் கொடுப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். ராத்திரி அங்கே யார் இருப்பார்கள்? அடுத்த வருஷ ஊசியை யார் போடுவார்கள்? மாசம் ஒரு தடவை நாங்கள் வந்து பார்க்கலாமா?

பெரியப்பாவிடம் வீட்டுக்காரர் போன் போட்டு முதல் கேள்வியைக் கேட்டார். “ராத்திரியா? ராத்திரி யாரும் இல்லப்பா, அதுக்குத்தானே நாயி கேட்டேன்” என்றாராம்.

போனை வைத்துவிட்டு, பச்சை வலையை இன்னும் ஓரடி உயர்த்த முடியுமா என்று பார்க்கப் போனார்.